பன்னிரண்டாவது பெயர்

ஏசடியானுக்கு வாய் தவறும் பழக்கம் கிடையாது. இருபத்தாறு வருஷமாகச் சபையில் வேதபாடம் வாசிக்கிறவர். பக்கம் பக்கமாக வரும் வம்ச வரலாறுகள், நாக்கில் நுழையாத ராஜாக்களின் பெயர்கள் எல்லாவற்றையும் தட்டாமல் தடுக்காமல் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். அப்படிப்பட்ட மனிதர் நவம்பர் முதல் ஞாயிறு காலையில் சபையைக் கலக்கிவிட்டார்.

அந்த ஞாயிறு, வருஷத்தில் இறந்துபோன சபையாரின் பெயர்களை வாசிக்கிற நாள். ‘விசுவாசத்தில் நித்திரையடைந்தவர்கள்’ என்று சொல்லி ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். பெயருக்கு ஒரு மணி அடிக்கும். வருஷம் பூராவும் கோயில் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூட அந்த ஒரு மணிக்காக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தாளில் பதினோரு பெயர்கள் இருந்தன. ஏசடியான் பதினொன்றையும் வாசித்தார். பதினோரு மணி அடித்தது. தாளை மடித்தார். மடித்த தாளைப் பார்த்துக்கொண்டே, “அர்ச்சுனன்” என்றார்.

மணி அடிக்கிறவர் தாளைப் பார்த்தா அடிக்கிறார்? பெயர் காதில் விழுந்தால் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்துவிட்டார்.

அர்ச்சுனன் யாரென்று சபையில் எல்லோருக்கும் தெரியும். செராமிக் பேட்டையில் ஏசடியானோடு சேர்ந்து சூளை பார்த்தவர். மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு பூசாமல் சூளையைப் பற்றவைக்காதவர். பழமலைநாதர் தேருக்கு வருஷம் தவறாமல் வடம் பிடித்தவர். ஞானஸ்நானம் என்றால் சோப்புப் போடுவீர்களா என்று ஏசடியானைக் கேட்டவர். அந்த அர்ச்சுனன் எப்போது விசுவாசத்தில் நித்திரையடைந்தார் என்று சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செக்ரட்டரி தமிழ்மணி மூன்று முறை இருமினார்.

அதே ஆராதனையில்தான் ஏசடியானின் மகள் இனியாவுக்கு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். யாருக்காவது தடை இருந்தால் எழுந்து சொல்லலாம். மூன்றும் வாசித்து முடிந்தால்தான் தாலி. மூன்றாவது ஓலைக்கு இன்னும் ஏழே நாள்தான் இருந்தது.

*

அந்த வாரம் மழை விடவே இல்லை. பூதாமூர்ப் பக்கம் சந்தெல்லாம் சேறு. ஏசடியான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டித் துணி போட்டிருந்தார்கள். ஒழுகுகிற இரண்டு இடத்தில் இரண்டு குண்டான்கள். கொடுத்ததுபோக மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பாலித்தீன் பையில் சுற்றி பீரோவின் மேல் வைத்திருந்தாள் அவர் மனைவி சலோமி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போதகரும் தமிழ்மணியும் வந்தபோது போதகரின் தலையில் ஈரப் பாவாடை ஒன்று மோதியது. அவர் அதைக் கவனிக்காதவர்போல விலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சலோமி அவித்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் கொட்டி டீயோடு கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

“அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லிடுறேன்,” என்றார் தமிழ்மணி. “நேத்து கமிட்டி கூடிச்சு. நீங்க வாசிச்ச அந்தப் பேரை நீங்களே வாபஸ் வாங்கணும்ங்குறாங்க. அது வரைக்கும் மூணாவது ஓலைய நிறுத்தி வைக்கணுமாம்.”

“ஓலைக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?” என்றாள் சலோமி.

“சபை ஒழுங்கு மீறுன வூட்டுக்கு ஓலை வாசிக்கிறதில்லம்மா. நான் வச்ச சட்டமா? என் பேரன் காது குத்துனதுக்கே என்னை ஆறு மாசம் ஒதுக்கி வச்சவங்க இவங்க.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை சேரன் குவைத்தில் வேலை பார்க்கிறவன். ஆறு வாரம் லீவில் வந்திருந்தான். நவம்பர் முடிவதற்குள் அவன் விமானம் ஏற வேண்டும். கல்யாணம் பதின்மூன்றாம் தேதி. அதைத் தள்ளினால் பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்த வாரங்கள்; அது முடிகிற வரை சபையில் கல்யாணமே கிடையாது. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. சேரனின் அப்பா திட்டக்குடிச் சபையில் மூப்பர். சேதி கேள்விப்பட்டு ஞாயிறன்றே இரண்டு முறை போன் செய்துவிட்டார். இனியாவுக்கு இருபத்தொன்பது முடிகிறது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து, பேசி, கை நழுவிப் போனது.

“ஐயா, நீங்க சொல்லுங்க,” என்று போதகரைப் பார்த்தார் ஏசடியான். “அர்ச்சுனன் எப்படிச் செத்தான்னு உங்களுக்குத் தெரியும்.”

போதகருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். சூளையைப் பற்றவைத்தால் பதினெட்டு மணி நேரம் யாராவது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அரைமணிக்கொரு தடவை தீயை ஏற்றி, சூட்டைப் பார்த்துச் சிலேட்டுப் பலகையில் எழுத வேண்டும். அதனால் அவர்கள் இரண்டு பேருக்குள்ளும் ஒரு முறை இருந்தது. கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர் என்றால் அர்ச்சுனன் நிற்பார். தீபாவளி, பொங்கல், மாசி மகம் என்றால் ஏசடியான் நிற்பார். போன புனித வெள்ளியன்று, பன்னிரண்டிலிருந்து மூன்று மணி ஆராதனைக்காக ஏசடியான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போக, அவருக்குப் பதிலாக அர்ச்சுனன் நின்றார். ஆராதனை முடிந்து போனை உயிர்ப்பித்தபோது பதினேழு அழைப்புகள் இருந்தன. சூளை ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அர்ச்சுனன் போய்விட்டிருந்தார். மாரடைப்பு. பலகையில் கடைசியாக ஒன்றரை மணிச் சூடு எழுதியிருந்தது.

“எனக்குப் பதிலா நின்னான் ஐயா. நான் சிலுவையப் பத்தி மைக்குல வாசிச்சுட்டு இருந்தேன். அவன் அங்க வெந்துட்டு இருந்தான். மொத நாளே மாரு புடிக்குதுன்னு சொன்னான். வாயுவா இருக்கும், சோடா குடிடான்னு சொல்லிட்டு நான் வேட்டிய வெளுக்கப் போட்டேன்.”

இதைச் சலோமிக்குக்கூட அவர் சொன்னதில்லை.

“ஒருத்தனுக்குப் பதிலா ஒருத்தன் நிக்கிறதுதான நம்ம மார்க்கம்? அவன் அத செஞ்சுட்டான். அவனை இயேசு தெரியாதுன்னு சொல்லிடுவாரா?”

போதகர் சின்ன வயசுக்காரர். ஏசடியானைவிடப் பதினைந்து வயது குறைவு. ஒரு மல்லாட்டையை எடுத்து உரிக்காமல் விரலால் உருட்டினார்.

“அண்ணே, அவரு நல்லவருங்குறதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா நல்லவங்க எல்லாம் ரட்சிப்புக்குள்ள வந்துடுவாங்கன்னா இயேசு எதுக்கு? சபை எதுக்கு? நான் எதுக்கு இந்த மழையில குடை புடிச்சுட்டு அலையுறேன்?”

“நான் இயேசு வேணாம்னா சொன்னேன்? ரட்சிப்பு அவரு குடுக்குறதுதான். அதுல எனக்கு ஒரு மயிரெழ சந்தேகம் கெடையாது. ஆனா அவரு கை எவ்வளவு தூரம் நீளும்னு அளந்து பாத்தவன் யாரு? சபை வாசப்படியோட நின்னுடுமா?”

“சரி. ஆனா அர்ச்சுனன் அந்தக் கைய நீட்டிப் புடிக்கலியேண்ணே. சிலுவையில இயேசுவோட தொங்குன திருடன்கூட, என்னை நெனச்சுக்கோன்னு வாய் தொறந்து கேட்டான்.”

“மாரடைப்பு வந்தவன் எப்படிய்யா வாய் தொறந்து கேப்பான்?”

சலோமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போதகரும் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மனசுல உள்ளதச் சொல்லட்டுமா?” என்றார். “அவரு நரகத்துல இருக்காருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இல்லன்னு பீடத்துல ஏறி நின்னு சொல்லவும் வாய் வரல. தேவன் என்னா செய்வாருன்னு எனக்குத் தெரியாது. சபையில என்னா வாசிக்கலாம்னு மட்டுந்தான் தெரியும்.”

தமிழ்மணிக்கு இந்தப் பேச்செல்லாம் பொறுக்கவில்லை. அவர் ஒரு காரியத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக விரும்புகிறவர்.

“ரெண்டு வழி இருக்குதுண்ணே. ஒண்ணு, வாய் தவறி வந்துடுச்சுன்னு ஒரு வரி வாசிச்சுடுங்க. நான் எழுதியே கொண்டாந்துட்டேன். ரெண்டாவது...” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அர்ச்சுனன் கடைசிக் காலத்துல உங்ககிட்ட இயேசுவ ஏத்துக்கிட்டேன்னு சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாரு கேக்கப்போறா? பேரும் பேரா இருக்கும், ஓலையும் வாசிச்சுடலாம். கமிட்டியில பாதிப் பேரு அழுதேபுடுவான்.”

போதகர் தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு சலோமி ஆறிப்போன டீயைக் கொல்லையில் கொட்டினாள். “ரெண்டாவது வழி நல்லாத்தான இருக்குது,” என்றாள். “அவரு ஆத்மாவுக்கும் நல்லது. இனியாவுக்கும் நல்லது.”

அடுப்படியில் இருந்த இனியா வெளியே வந்தாள். “எந்த வழியா இருந்தாலும் சீக்கிரம் முடிங்கப்பா. அர்ச்சுனன் மாமா எனக்கும் மாமாதான். என்னைத் தூக்கிட்டுப் போயி தேரு காமிச்சவரு. ஆனா அவரு எங்க இருக்காருன்னு முடிவு பண்ற வரைக்கும் நான் இந்த வூட்டுலயே கெடக்கணுமா?”

எழுந்து வெளியே போகலாம் என்றால் மழை. உள்ளே நடக்கலாம் என்றால் கொடி. ஏசடியான் உட்கார்ந்தே இருந்தார்.

*

மழைக்காலத்தில் செராமிக் பேட்டையில் எல்லாம் மந்தமாகத்தான் நடக்கும். அச்சில் ஊற்றிய களிமண் இறுகாது. இறுகினாலும் எடுத்து வைத்தால் காயாது. காயாததைச் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். முதலாளி மாணிக்கவேல் வானத்தைத் திட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடப்பார். இன்னும் சுடாத பச்சை ஃபியூஸ் கட்டைகளில் பிசிறு சுரண்டும் பெண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஃபியூஸ் கட்டையின் ஓரத்தில் அச்சு சேர்ந்த இடம் கோடாக நிற்கும். அதைப் பிளேடால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். அர்ச்சுனன் இறந்த பிறகு அவர் மனைவி பெரியநாயகிக்கு முதலாளி அந்த வேலையைக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை மற்ற பெண்கள் சாப்பிடப் போனதும் அவள் ஏசடியானைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்க தெருவுல ஒரு பேச்சு ஓடுது. இவரு மதம் மாறி வேதத்துல சேந்துட்டாராம். உங்க கோயில்ல பேரு வாசிச்சு மணி அடிச்சாங்களாம்.”

“தங்கச்சி, நான் அப்படிச் சொல்லல...”

“எங்க மச்சாண்டாரு வந்து வாசல்ல நின்னு கேக்குறாரு. ‘எந்தம்பி வேதத்துல சேந்துட்டான்னா, அப்ப நாங்க மொட்டை போட்டுக் கருமாதி பண்ணது யாருக்கு?’ன்னு கேக்குறாரு. நான் என்னா பதிலு சொல்லட்டும்?”

ஏசடியான் ஒரு கட்டையை எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஏன் வாசிச்சீங்க?”

“அவன் நல்ல எடத்துல இருக்கான்னு நாலு பேரு கேக்கச் சொல்லணும்னு இருந்துச்சு.”

“நல்ல எடத்துலதான் இருக்காரு. உங்க கோயில்ல மணி அடிச்சாத்தான் அங்க வுடுவாங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டே கேட்டாள். ஏசடியானுக்குச் சுருக்கென்றது. ஏழு மாதமாக மனசில் சுமந்து, பயந்து பயந்து, கடைசியில் தன்னையும் மீறிக் கொடுத்த ஒன்றை, இது எனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டாளே என்றிருந்தது. அவள் கேட்டது நியாயம்தான் என்பதும் தெரிந்தது.

“உங்க ஆளுங்க என்னா சொல்றாங்க?” என்றாள்.

சொன்னார். ஓலையைச் சொன்னார், லீவைச் சொன்னார், தமிழ்மணி காட்டிய இரண்டு வழியையும் சொன்னார். அவள் பிளேடைக் கீழே வைத்தாள்.

“அவரு மாறுனாருன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. அத மட்டும் சொல்லிடாதீங்க. செத்த மனுசன் எந்திரிச்சு வந்து, இல்லன்னு சொல்ல முடியாது.”

“சொல்ல மாட்டேன்.”

“பேர எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க. இனியா பாவம். பேருதான, போவுது.”

“போறதுக்கு மொத நாளே அவன் மாரு புடிக்குதுன்னு...” என்று ஆரம்பித்தார் ஏசடியான்.

“எங்கிட்டயும்தான் சொன்னாரு. நானும் சுக்குக் கசாயம் வச்சுக் குடுத்துட்டு டிவி பாத்துட்டுதான் இருந்தேன்.”

அவள் பிளேடைத் திரும்பக் கையில் எடுத்தாள். எல்லோரும் அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். போதகர், கமிட்டி, மனைவி, மகள், கடைசியில் செத்தவனின் பெண்டாட்டியும். ஒரு ஆள் வேண்டாம் என்று தடுத்திருந்தால்கூட ஏசடியான் அவர்மேல் சாய்ந்து நின்றிருப்பார். எல்லாக் கதவும் திறந்து கிடக்கிற வீட்டுக்குள் மனிதன் இப்படி அடைபட்டுக் கிடப்பான் என்று அவர் நினைத்ததே இல்லை.

வெள்ளியும் சனியும் அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. “கருவாட்டுக் கொழம்பு வச்சும் எறங்கலன்னா ஒடம்புலதான் ஏதோ கோளாறு,” என்று சலோமி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். நெற்றி சில்லென்றுதான் இருந்தது.

*

ஞாயிறன்று மழை விட்டிருந்தது. திட்டக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சேரன் புதுச் சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். இனியா திரும்பிப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதபாடம் முடிந்ததும் ஏசடியான் தமிழ்மணி கொடுத்த தாளைப் பிரித்தார்.

“சென்ற ஞாயிறு நித்திரையடைந்தோர் பெயர்களை வாசித்தபோது, சபையைச் சேராத ஒருவரின் பெயர் என் வாய் தவறி வந்துவிட்டது. அதற்காக வருந்துகிறேன். அந்தப் பெயர் நீக்கப்படுகிறது.”

தட்டாமல் தடுக்காமல் வாசித்தார். மணி அடிக்கிறவர் கயிற்றில் கைவைத்து, இதற்கு அடிக்க வேண்டுமா என்று யோசித்து, கையை எடுத்துக்கொண்டார். ஏசடியான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பிறகு போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். “இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது தெரியப்படுத்தலாம்” என்று சொல்லி நிறுத்தினார். விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. தடை ஒன்றும் இல்லை. ஏசடியானுக்குத்தான் எழுந்து நின்று என்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. என்ன சொல்வது? வாய் தவறியது போன வாரம் இல்லை, இந்த வாரம் என்றா? உட்கார்ந்திருந்தார். சலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் சம்பந்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மனுசன்னா வாய் தவறத்தான் செய்யும் சம்பந்தி. ஒத்துக்குறதுதான் பெரிய மனசு,” என்றார். போதகர் வீட்டுக் கோழிகள் இரண்டு ஈரத் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீஷனின் கதையை எத்தனையோ முறை வாசித்த ஏசடியான், அவற்றின் பக்கம் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார்.

*

திங்கட்கிழமை நல்ல வெயில். பேட்டை முழுக்கப் பலகை பலகையாகக் கட்டைகளை வெளியே தூக்கிவைத்துக் காயப்போட்டார்கள். காய்ந்துபோன பழைய சரக்கை ஏற்றிக் காலையிலேயே சூளையைப் பற்றவைத்திருந்தார் ஏசடியான். பகல் ஒரு மணிக்குப் பெரியநாயகி தூக்குச்சட்டியோடு சூளைப் பக்கம் வந்தாள். அர்ச்சுனன் சாய்ந்திருந்த சுவருக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தாள்.

“எடுத்துட்டீங்களாமே?”

“எடுத்துட்டேன் தங்கச்சி.”

“ஆவட்டும். களி கொண்டாந்தேன். கீரை கடைஞ்சது இருக்குது. சாப்புடுங்க.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் வைத்தார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது. சொல்லாதடின்னு அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்ப சொல்லலன்னா எனக்கு நெஞ்சு ஆறாது.”

“என்னா?”

“மாசி மகத்துக்கு வருசா வருசம் நீங்க சூளை பாத்துக்குவீங்க, அவரு மணிமுத்தாத்துக்குப் போயி அப்பனுக்குத் திதி குடுத்துட்டு வருவாரு இல்ல? அங்க அவங்கப்பாவுக்கு மட்டும் குடுக்கல. புரோகிதரு பேரு கேக்கையில அப்பா பேரு, தாத்தா பேரு சொல்லிட்டு, கடைசியா ஞானமுத்துன்னு சொல்லுவாரு.”

ஏசடியானின் கை தட்டிலேயே நின்றது. “எங்கப்பாவையா?”

“உங்கப்பாவத்தான். அவருதான இவர இங்க கூட்டியாந்து வேலையில சேத்துவுட்டாரு? அவரு செத்ததும் இவரு உங்ககிட்ட கேட்டாராமே, வருசத் திதி என்னைக்குன்னு. எங்களுக்கு அதெல்லாம் கெடையாதுடான்னு நீங்க சொல்லிட்டீங்களாம். வூட்டுக்கு வந்து படுத்தவரு தூங்கல. ‘அந்த மனுசன் அங்க தண்ணிக்குத் தவிச்சுட்டு நிப்பாரேடி’ன்னாரு. மொத வருசம் புரோகிதரு நிமிந்து பாத்து, யாருய்யா இது ஞானமுத்துன்னு கேட்டாராம். ‘எனக்கு அப்பா மாதிரி சாமி, புள்ளைங்க வேற கோயிலு, தண்ணி வுட ஆளில்ல’ன்னாராம். சரி, சொல்லுன்னுட்டாரு. பத்தொம்பது வருசம் வுட்டாரு.”

முதலில் ஏசடியானுக்குக் கோபம்தான் வந்தது. என் அப்பா கர்த்தரிடத்தில் இருக்கிறார், இவன் எள்ளும் தண்ணீரும் விட்டால்தான் அவருக்குத் தாகம் தீருமா என்று கேட்க வாயெடுத்தார். அது வியாழக்கிழமை பெரியநாயகி கேட்ட அதே கேள்வி என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். பத்தொன்பது மாசி மகம் இந்தச் சூளைக்குப் பக்கத்தில் நின்று, அர்ச்சுனனின் மூடப்பழக்கத்துக்காக நான் வேகிறேன் என்று மனசுக்குள் சலித்துக்கொண்டவர் அவர். அந்த நேரமெல்லாம் அவன் இடுப்பளவு ஆற்றில் நின்று ஏசடியானின் அப்பாவைக் கரையேற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

“அந்தப் பேர எடுன்னு அவனை யாரும் சொல்லலியா?” என்று கேட்டார்.

“ஆத்துல வுட்ட தண்ணிய யாரு எடுக்கச் சொல்லப்போறாங்க?”

ஏசடியான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆள், எல்லோரும் பார்க்கிற பட்டப்பகலில், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பெரியநாயகி தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “வர்ற மாசிக்கு அவரு பேர சொல்ல ஆளு இல்லண்ணே. எங்க மச்சாண்டாரு, ‘வேதத்துல சேந்தவனுக்கு நான் ஏன் தண்ணி வுடணும்’னுட்டாரு. நீங்க பேர எடுத்தத சொல்லியும் பாத்தேன், நம்பல. எம்மவ கயல்விழி நான் வுடுறேன்ங்குது. பொம்பளப் புள்ள வுடக் கூடாதுன்னு சொல்றாங்க. கூட்டாளி வுடலாமாம். புரோகிதர கேட்டுட்டுதான் வந்தேன்.”

அவள் மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

மணிமுத்தாற்றங்கரையில் மாசி மகத்தன்று ஊர் மொத்தமும் நிற்கும். தமிழ்மணியின் வீடு அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான். விரலில் தர்ப்பையோடு நிற்கிற வேதபாடக்காரனைச் சபை எத்தனை நாள் வைத்திருக்கும்? ஆறு மாச ஒதுக்கலோடு இது போகாது. செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்பதே சந்தேகம். திட்டக்குடிச் சம்பந்தி, வாய் தவறியதைப் பொறுத்தவர், கை தவறியதைப் பொறுப்பாரா? அதற்குள் இனியா அந்த வீட்டு மருமகளாகியிருப்பாள். அர்ச்சுனனுக்குத் தண்ணீர் விட ஆளில்லாமல் போனதோ இவர் அவன் பெயரைக் கோயிலில் வாசித்ததால். வாசித்ததும் குற்றம், எடுத்ததும் குற்றம், இனி எதைச் செய்தாலும் குற்றம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுவர் சுட்டது.

அரைமணி ஆகியிருந்தது. ஏசடியான் எழுந்து துளை வழியாகத் தீயைப் பார்த்தார். சூட்டைப் பார்த்துச் சாக்குக்கட்டியால் பலகையில் எழுதினார். ஒன்று முப்பது என்று நேரத்தையும் எழுதிவிட்டு அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசி மகம் என்னைக்கு வருது?”

“மார்ச்சு மொத வாரத்துல.”

“அன்னைக்கு நான் ஆத்துக்கு வந்துட்டா சூளைக்கு யாரு நிப்பாங்க?”

பெரியநாயகி தூக்குச்சட்டியை மூடினாள். “ஏன், நான் நிக்க மாட்டனா?” என்றாள்.